ஜன்னல் நகராது, மலைதான் நகரும்: பழைய விமானச் சுடும் கேம்களை ஆன்லைனில் விளையாடப் பழகுவது

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ரயில் ஏறி, தலவாக்கலை வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். கொஞ்ச நேரம் இருட்டு, பையன்களின் கூச்சல். வெளியே வந்தால் கொட்டகலை. அப்புறம் தேயிலை, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வரிசை, மறுபடி தேயிலை, சென்கிளேயர் நீர்வீழ்ச்சி. நாம் ஓரிடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னல் சட்டமும் அசையவில்லை. மலைதான் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகிறது. எத்தனை தடவை போனாலும் சுரங்கத்துக்கு அப்புறம்தான் கொட்டகலை, அந்த வரிசை மாறுவதில்லை.

திரையின் மேலிருந்து கீழாகத் தரை ஓட, ஒரு சின்ன விமானம் சுட்டுக்கொண்டே போகும் பழைய ஆர்கேட் கேம்கள் (காசு போட்டு விளையாடும் பெட்டிகளில் வந்தவை) இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன. சட்டம் அசையாது, வரிசை மாறாது. இவை மனதில் பதிந்துவிட்டால் கேம் பிடிபட்டுவிடும்.

போன டிசம்பர் லீவில் என் மாமா மகன் இதை ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விமானம் வெடித்தது. "அக்கா, என் கை ஸ்பீடு பத்தல" என்றான். அவன் கையில் குறை ஒன்றும் இல்லை. மேலே போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து, விமானத்தைத் திரையின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். எதிரிகள் வந்து நுழைவதே அந்த உச்சியில்தான். வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்கள் மேலெல்லாம் மோதிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், தரை எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1984இல் வெளியிட்ட 1942 என்ற கேமை எடுத்துக்கொள்வோம். அதன் திரை அகலத்தில் 224 புள்ளிகள், உயரத்தில் 256 புள்ளிகள். பெருக்கினால் 57,344. திரை ஒரு வினாடிக்குச் சுமார் 60 தடவை புதிதாக வரையப்படும். கேம் பெட்டிக்குள் இருந்தவை இசட் 80 என்ற 8 பிட் சிப்கள் இரண்டு. ஒன்று ஆட்டத்தைக் கவனிக்கும், மற்றது சத்தத்தைக் கவனிக்கும். அவ்வளவு சின்னச் சிப்பால், வினாடிக்கு 60 தடவை, அத்தனை புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தி எழுத முடியாது.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் வியப்பைத் தருகிறது. தரைப் படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிவைத்தார்கள். கடல் ஒரு சதுரம், கரை ஒரு சதுரம், மரம் ஒரு சதுரம். நினைவகத்தில் இருப்பது எந்தச் சதுரம் எங்கே என்ற பட்டியல் மட்டும். கூடவே ஒரே ஒரு எண்: படத்தை எந்த வரியிலிருந்து காட்டத் தொடங்குவது என்பதைச் சொல்லும் எண். அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ தரை முழுவதும் ஒரு புள்ளி இறங்கிவிடும். 57,344 புள்ளிகளின் வேலையை ஒரு எண் செய்துவிடுகிறது. கீழே திரையை விட்டு வெளியேறிய வரிசை இனி யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்து வரவேண்டிய தரையை அந்த இடத்திலேயே எழுதிவிடலாம். அது சுற்றிக்கொண்டு மேலே வந்து சேரும்.

தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளை எடுத்துப்போகும் பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். பெல்ட்டின் நீளம் கொஞ்சம்தான். ஆனால் அது சுற்றிச் சுற்றி வருவதாலும், காலியான இடத்தில் மறுபடி கொட்டிக்கொண்டே இருப்பதாலும், நாள் முழுக்கத் தூள் போய்க்கொண்டே இருக்கும். கேமில் தெரியும் முடிவில்லாத கடலும் அப்படித்தான்.

விமானங்களும் குண்டுகளும் இந்தப் பெல்ட்டில் இல்லை. அவை தனி. ரயில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி, ஓடும் தரைக்கு மேலே தனியாக வைக்கப்படும் படங்கள். நாம் பட்டனை அழுத்தினால் நகர்வது ஸ்டிக்கர்தான். தரை அதன்பாட்டுக்கு அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் விரலை முன்னால் தள்ளினால் ரயில் வேகமாகப் போகுமா? என் மாமா மகன் செய்த தவறு அதுதான். மேலே போவதால் பயணம் ஒரு வினாடிகூடக் குறையாது. எதிரிக்கும் நமக்கும் இருக்கும் இடைவெளிதான் குறையும்.

இந்த இடைவெளிக்கு ஒரு கணக்கு உண்டு. மேலிருந்து வரும் ஒரு பொருள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ஒரு புள்ளி இறங்குகிறது என்று வையுங்கள். 256 புள்ளி உயரத்தைக் கடக்க அதற்கு நான்கு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். நீங்கள் கீழ்ப்பகுதியில் நின்றால் மூன்று வினாடிக்கு மேல் யோசிக்க நேரம் கிடைக்கும். பாதித் திரைக்கு மேலே போனால் இரண்டு வினாடிகூட மிஞ்சாது. அதற்காக அடிமட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். பின்னால் ஒதுங்க இடம் இருக்காது, சில எதிரிகள் கீழிருந்தும் வருவார்கள். அடியிலிருந்து நான்கில் ஒரு பங்கு உயரம் நல்ல இடம்.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன், ஆன்லைனில் தேடும்போது எல்லாம் கலந்தே வரும். 1978இல் டைட்டோ நிறுவனத்தின் தொமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸை உருவாக்கினார். அதில் தரை ஓடாது, நம் பீரங்கி இடம் வலமாக மட்டும் போகும். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் சிப்புக்கு வேலை குறைந்து தானாகவே வந்த வேகம் அது. 1981இன் கலகாவில் பின்னணியில் நட்சத்திரங்கள் ஓடும், ஆனாலும் நாம் கீழே ஒரே கோட்டில்தான் இருக்க வேண்டும். நாம்கோவின் ஜெவியஸ் 1983இல் பரவலாக வந்தபோதுதான் காடு, ஆறு, வெட்டவெளி என்று ஒரு நிலமே திரையில் இறங்கி வந்தது. வானில் வருபவரைச் சுட ஒரு பட்டன், தரையில் இருப்பதன் மேல் குண்டு போட இன்னொரு பட்டன். பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்தில் இருக்கும் ராட்சதப் பறவைக் கோடுகளையும் அந்த நிலத்தில் வரைந்திருந்தார்கள்.

இந்தத் தொடரில் ரிவர் ரெய்டைச் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை. இது ஆர்கேட் பெட்டிக்கு எழுதப்பட்டதல்ல, 1982இல் வீட்டு டிவியில் செருகி விளையாட ஆக்டிவிஷன் வெளியிட்டது. எழுதியவர் கரோல் ஷா, அந்தத் துறையில் முதலில் நுழைந்த பெண்களில் ஒருவர். மொத்தக் கேமும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கம். அவ்வளவு சின்ன இடத்தில் நீண்ட ஆற்றின் படத்தைச் சேமிக்க முடியாது. அதனால் ஆற்றைச் சேமிக்காமல், ஆற்றை வரையும் கணக்கைச் சேமித்தார். ஒரு தொடக்க எண்ணிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்தது. தொடக்க எண் எப்போதும் ஒன்றே என்பதால் ஆறும் எப்போதும் ஒன்றே. தற்செயலாக வளைவது போலத் தெரியும், ஆனால் நேற்று வளைந்த இடத்தில்தான் இன்றும் வளையும். மேல் பட்டனை அழுத்தினால் வேகம் கூடும் என்பது இந்தக் கேமில் உண்மை. ஸ்டிக்கர் விதிக்கு இது ஒரு விலக்கு.

1942க்குத் திரும்புகிறேன். வடிவமைத்தவர் யோஷிகி ஓகமோட்டோ. மொத்தம் 32 கட்டங்கள். பசிபிக் கடலுக்கு மேல் அமெரிக்க விமானத்தை ஓட்டி டோக்கியோவை நோக்கிப் போகும் கேமை எழுதியது ஒரு ஜப்பானிய நிறுவனம் என்பது எனக்கு எப்போதும் யோசிக்க வைக்கும் விஷயம். அந்த ஆண்டு நம் நாட்டுக்கும் தூரமானதல்ல. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் உண்மையாகவே கொழும்பு மேல் குண்டு போட்டன, ஏப்ரல் 9 அன்று திருகோணமலை மேல் போட்டன. அந்தத் தலைப்பைத் திரையில் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இது நினைவுக்கு வரும்.

சரி, ஆன்லைனில் விளையாடுவது என்றால் என்ன? இங்கேதான் நம் பக்கத்துப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். லயத்தில் சிக்னல் வராது, கோயில் பக்கத்துப் பாறையில் ஏறினால்தான் இரண்டு கோடு காட்டும், மிஸ்ட் இறங்கினால் அதுவும் போய்விடும், இதில் எங்கே ஆன்லைன் கேம் என்று. அந்தத் தயக்கம் இந்தக் கேம்களுக்குத் தேவையில்லை.

உலாவியில் (பிரௌசரில்) ஓடும் பழைய ஆர்கேட் கேம் பெரும்பாலும் இரண்டு துண்டுகள். ஒன்று, அசல் பெட்டியின் சிப்களில் இருந்த தகவல். அது நீங்கள் எடுக்கும் ஒரு போட்டோவை விடச் சின்னது. இன்னொன்று, அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். அதை எமுலேட்டர் என்பார்கள். அதுதான் சில எம்.பி. பிடிக்கும். இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய மேம் என்ற திட்டம் இவற்றில் பெயர் பெற்றது. 2014இல் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் அதை உலாவிக்குள்ளேயே ஓடும்படி மாற்றி, 900க்கு மேற்பட்ட ஆர்கேட் கேம்களைப் பொதுவில் வைத்தது. இரண்டு துண்டுகளும் உங்கள் கருவிக்கு இறங்கிய பிறகு கேம் உங்கள் கையில்தான் ஓடுகிறது. இறக்க மட்டும்தான் சிக்னல் வேண்டும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை. கேம் திரையில் வந்ததும் டேட்டாவை நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், அது உங்கள் கருவியில் ஓடும் வகை. பக்கத்தை மட்டும் மூடிவிடாதீர்கள், மறுபடி இறக்க வேண்டி வரும். டேட்டாவை நிறுத்தியதும் உறைந்துபோனால் அது வேறு வகை. தூரத்து சேவையகத்தில் கேம் ஓட, அதன் படம் மட்டும் வீடியோவாக உங்களுக்கு வருகிறது. அந்த வகை நம் பக்கத்துக்கு ஒத்துவராது. நீங்கள் பட்டனை அழுத்தியது அங்கே போய்ச் சேர்ந்து, விமானம் நகர்ந்த படம் திரும்பி வருவதற்குள் குண்டு வந்துவிடும். ரீலோட் போட்ட காசும் கரைந்துவிடும்.

மேம் வழியில் கணினியில் திறந்தால் முதலில் திரையின் மேல் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் அம்புக்குறிப் பட்டன்கள் கேமுக்குப் போகாமல் பக்கத்தை மேலும் கீழும் இழுக்கும். வழக்கமான அமைப்பில் எண் 5 காசு போடுவதற்கு, எண் 1 தொடங்குவதற்கு. டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில் முதல் நாள் எனக்கு இது தெரியவில்லை. அரைமணி நேரம் எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்துவிட்டு, கேம் பழுது என்று எழுந்து வந்துவிட்டேன். அது காசு கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. சுடுவதற்குக் கன்ட்ரோல் பட்டன், இரண்டாவது வேலைக்கு ஆல்ட். அந்த இரண்டாவது வேலை, 1942இல் விமானம் குட்டிக்கரணம் போட்டு ஆபத்தைத் தாண்டிப் போவது. அது சில தடவைதான் கிடைக்கும், சுற்றிலும் வழி அடைபட்டால் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஃபோனில் விளையாடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தக் கேம் பெட்டிகளில் டிவியைப் பக்கவாட்டில் சாய்த்து, உயரம் கூடுதலாக இருக்கும்படி பொருத்தியிருந்தார்கள். நிமிர்த்திப் பிடித்த ஃபோனும் அந்த வாட்டம்தான். கணினித் திரையில் இருபக்கமும் கறுப்பாக வீணாகும் இடம் ஃபோனில் வீணாகாது. ஒரே சிரமம், விரல் விமானத்தை மறைப்பது. விமானத்தின் மேலேயே விரல் வைக்காமல், சற்றுக் கீழே வைத்து இழுக்க விடும் கேம்களைத் தேர்ந்தெடுங்கள்.

இனி விளையாட்டு. எல்லாவற்றுக்கும் முதல், கண்ணை எங்கே வைப்பது என்பது. புதியவர்கள் தங்கள் விமானத்தையே பார்ப்பார்கள். ஹட்டன் பாதையில் பஸ் ஓட்டுபவர் பம்பரையா பார்த்து ஓட்டுகிறார்? அடுத்த வளைவைத்தான் பார்க்கிறார். பஸ்ஸின் அகலம் அவர் உடம்புக்கே தெரியும். விமானத்துக்குச் சற்று மேலே, திரையின் நடுப்பகுதியில் பார்வை நிற்கட்டும். விமானம் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். இரண்டு மூன்று நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

அடுத்தது குண்டுகள். இவற்றில் ஒரு முக்கியமான வகை, சுடும் நொடியில் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அந்த இடத்தைக் குறிவைத்து வருவது. சுட்ட பிறகு அது திரும்பாது. நேர்கோட்டில், நீங்கள் இருந்த இடத்துக்கு வரும். ஆகவே அதிலிருந்து தப்பப் பாய வேண்டியதில்லை, கொஞ்சம் விலகினால் போதும். வரிசையாகப் பலர் சுடும்போது ஒரே திசையில் மெதுமெதுவாக நகருங்கள். ஒவ்வொரு குண்டும் நீங்கள் சற்று முன் நின்ற இடத்தில் விழுந்துகொண்டே வரும். சுவர் வரை போய்விட்டால் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் திரையின் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, மறு ஓரத்தை நோக்கி அரை விமானம், அரை விமானமாக ஊர்ந்து போங்கள். கொழுந்து எடுப்பவர்கள் நிரையில் ஒரு செடி முடித்து அடுத்த செடிக்கு நகரும் அந்த நிதானம் வேண்டும். ஒரே தாவலில் மூலைக்கு ஓடினால், அதன்பிறகு சுடும் குண்டுகள் எல்லாம் அந்த மூலையைக் குறிவைத்தே வரும்.

சுடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல பழைய கேம்களில் ஒரே நேரத்தில் திரையில் இருக்கக்கூடிய நம் குண்டுகளுக்கு வரம்பு இருக்கிறது. கலகாவில் ஒரு விமானத்துக்கு இரண்டுதான். சுட்ட குண்டு எதையாவது அடித்தாலோ திரையைத் தாண்டினாலோதான் அடுத்தது கிளம்பும். தூரத்தில் இருப்பவரைத் தவறவிட்டால், குண்டு உச்சிக்குப் போகும் வரை துப்பாக்கி ஊமை. கிட்டே இருப்பவரைச் சுட்டால் உடனுக்குடன் அடுத்த குண்டு கிடைக்கும். அதனால் கண்மூடித்தனமாகப் பட்டனைத் தட்டாமல், நேர்க்கோட்டுக்கு வந்தபிறகு தட்டுங்கள். 1942இல் சிவப்பு விமானங்கள் கூட்டமாக வரும்போது மட்டும் கூடுதல் கவனம் வையுங்கள். ஒன்று விடாமல் வீழ்த்தினால் 'பவ்' என்ற எழுத்துடன் ஒரு பரிசு மிதந்து வரும். இரட்டிப்புச் சுடும் பலமோ, இரு பக்கமும் துணை விமானங்களோ அதில் கிடைக்கும்.

1990களில் இந்தக் கேம்கள் வேறு திசையில் போயின. டோப்லான் நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு பட்சுகன், அங்கிருந்து வந்தவர்கள் தொடங்கிய கேவ் நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டு டோடோன்பாச்சி ஆகியவற்றில் திரை முழுக்கக் குண்டு மழையாக இருக்கும். பார்த்தால் பயம் வரும். ஆனால் அங்கே நம் விமானத்தின் படம் முழுவதும் அடிபடும் இடம் அல்ல. நடுவில் சில புள்ளிகள் அளவுள்ள ஒரு சின்னப் பகுதியில் பட்டால்தான் வெடிக்கும். இறக்கையை உரசிக்கொண்டு குண்டு போகலாம், ஒன்றும் ஆகாது. பழைய கேம்களில் இந்தச் சலுகை குறைவு. 1942இல் பழகிவிட்டு அங்கே போங்கள்.

இப்போது அந்த இரண்டாவது விஷயம், மாறாத வரிசை. ஜெவியஸ் போன்ற சிலவற்றில் நீங்கள் நன்றாக விளையாட விளையாட வானில் வருபவர்கள் கடினமாவார்கள், தோற்றால் சற்று இளகுவார்கள். ஆனால் தரையில் இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலான கேம்களில் எந்தக் கூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது வரும் என்பது முன்பே எழுதப்பட்டது. எனவே வெடித்த ஒவ்வொரு தடவையும் ஒரு தகவல் கையில் கிடைக்கிறது. எந்த இடம், எந்தப் பக்கம், முன்னால் என்ன தெரிந்தது. இதைச் சொல்ல முடிந்தால் அடுத்த தடவை அந்த இடத்துக்கு முன்பே நகர்ந்து நிற்கலாம். சொல்ல முடியாவிட்டால் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் அங்கேயே மறுபடி வெடிக்கும்.

இலவசக் காசு இருக்கிறதே என்று எண் 5ஐத் தட்டித் தட்டி, விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டாம். அப்படிப் போனால் கடைசிக் கட்டம் வரை பார்க்கலாம், ஆனால் எந்த இடமும் மனதில் பதியாது. ஒரு காசோடு விளையாடி, முடிந்ததும் முதலிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரத்துக்கு முதல் மூன்று கட்டங்கள் போதும்.

மாமா மகன் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினான். "கரை முடிஞ்சதும் வலது பக்கம் ஐந்து சிவப்பு." "பெரிய ப்ளேன் கீழ இருந்து வரும், நடுவில நிக்காத." லீவு முடிந்து அவன் ஊருக்குப் போகும்போது அந்தக் கொப்பியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். எட்டாவது கட்டம் வரைக்கும் எழுதியிருக்கிறான். ஒன்பதாவதை இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.